இரண்டு சுரங்களின் சொந்தக்காரர்கள்

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் கைமணிக் குழுவில் என் பொறுப்பு ஜி5, ஏ5 என்ற இரண்டு மணிகள் (எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்). தேவைப்படும்போது அவற்றின் ஷார்ப், ஃப்ளாட் (அரைச்சுரம் கூடிய, குறைந்த) மணிகளும் என் கைக்கு வரும். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் என்னிடம் இருப்பவை பஞ்சமமும் சதுஸ்ருதி தைவதமும். மத்யமம் வேண்டுமென்றால் இடப்பக்கம் நிற்பவர் அடிக்க வேண்டும். நிஷாதம் வலப்பக்கம் நிற்பவரிடம் இருக்கிறது. முழுப் பாட்டையும் தனியாக வாசிக்க எங்களில் யாராலும் முடியாது.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ரெண்டே ரெண்டு சொரத்துக்காகவா இந்தப் பனியில கார் ஓட்டிட்டுப் போற?" என்று போனில் கேட்டார். கும்பகோணத்தில் என்னைப் பாட்டு வகுப்புக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனவர் அவர். ஒரு ராகத்தை ஒரே குரல் எடுத்து விரித்துக் காட்டுவதுதான் சங்கீதம் என்று வளர்ந்த காது அவருக்கு. எனக்கும் அப்படித்தான். போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். இந்த இசையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதில் நிற்கும் மனிதர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பியானோவுக்குக் கட்டைகள் எப்படியோ, இந்த வாத்தியத்துக்கு அவர்கள்.

முதலில் மணியைப் பற்றிக் கொஞ்சம். நம் வீட்டுப் பூசை மணியை எப்படி ஆட்டினாலும் நாக்கு எல்லாத் திசையிலும் சுழன்று அடிக்கும். ஆட்டுகிறவரை கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். இந்த மணியின் நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே அசையும்படி ஒரு கீலில் மாட்டப்பட்டிருக்கிறது. அடித்த கையோடு அதை விளிம்பிலிருந்து விலக்கி நிறுத்தச் சின்ன ஸ்பிரிங் ஒன்று உண்டு. ஆகவே ஒரு வீச்சுக்கு ஒரே ஒரு அடி. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் தாளத்துக்குள் மணியை வைக்க முடிகிறது. உலோகம் நாம் அறிந்த வெண்கலம்தான். ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். விரல் பட்டால் மெருகு மங்கும் என்பதால் எல்லோரும் கையுறை போட்டுக்கொள்கிறோம். மேசைகளில் தடித்த ஃபோம் மெத்தை, அதன்மேல் துணி, துணியின்மேல் வரிசையாக மணிகள். இடக்கைப் பக்கம் மந்தரம் என்ற கீழ்ஸ்தாயி, வலக்கைப் பக்கம் தாரம் என்ற மேல்ஸ்தாயி.

முதன்முதலில் என்னை இழுத்தது ஒலிக்குள் இருந்த ஒலி. தேவாலயக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணியை உற்றுக் கேட்டால் மூல சுரத்தோடு சாதாரண காந்தாரம் என்ற தாழ்ந்த ‘க’வும் பலமாகக் கேட்கும். அந்த மணியோசைக்கு எப்போதும் ஒரு சோகச் சாயல் இருப்பது அதனால்தான். ஆங்கிலேயக் கைமணியைக் கடைந்து சுருதி சேர்க்கிறவர்கள் அந்தக் காந்தாரம் தலைதூக்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். அதில் மூல சுரத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது மேல்ஸ்தாயிப் பஞ்சமம். ச அடித்தால் அதற்குள்ளேயே ப கேட்கிறது. தம்புரா மீட்டப்படும் அறையில் வளர்ந்த காதுக்கு அது எவ்வளவு நெருக்கமான ஒலி என்று இதைப் படிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இந்த மணிகளைச் செய்வதில் பேர்பெற்றவை ஷுல்மெரிக், மால்மார்க் என்ற இரண்டு நிறுவனங்கள். இரண்டும் பென்சில்வேனியாவில் இருக்கின்றன. மால்மார்க்கைத் தொடங்கிய ஜேக்கப் மால்டா அதற்குமுன் ஷுல்மெரிக்கில் இருந்தவர். மணிநாக்கின் நுனியில் பதிக்கும் சிறு பொத்தான்களுக்கான காப்புரிமை வழக்கில் இரு தரப்பும் 1991இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயின. நாக்கின் நுனி கொஞ்சம் மென்மையானாலும் ஒலி எவ்வளவு மாறும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சண்டை வியப்பாக இருக்காது.

மணியை அடிக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தோளருகே பிடித்து, முன்னால் வீசி, வட்டமாக மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடினம் எல்லாம் ஒலியை நிறுத்துவதில்தான் இருக்கிறது. விட்டால் மணி தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். தாளில் ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) என்று எழுதியிருந்தால், அடுத்த அட்சரம் தொடங்கும் அதே கணத்தில் மணியின் விளிம்பு தோளில் பட்டு ஓய வேண்டும். நான் நிறுத்தத் தவறினால் என் பஞ்சமம் பக்கத்தவரின் மத்யமத்தின்மேல் வழியும். ஆக, நான் அடிக்கும்போது மட்டும் கவனம் வைத்தால் போதாது. அடுத்தவர் அடிக்கும் நொடியிலும் எனக்கு வேலை இருக்கிறது. அவர் தொடங்குவதும் நான் முடிப்பதும் சேர்ந்து ஒரே அசைவு. பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரு இசைவைக் கூட்டமாக அடித்துவிட்டுக் கூட்டமாக நிறுத்தும்போது, எங்கள் இசை நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். யாருடைய மணி தாமதமாக ஓய்ந்தது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும்.

நல்ல பியானோ பயிற்சி உள்ளவர்கள் தொடக்கத்தில் இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மெட்டு முழுதும் விரல்களில் இருக்கிறது. இரண்டு சுரத்தோடு நின்றுகொண்டு மிச்சத்தைப் பிறர் கையில் விட மனம் ஒப்பாது. கோரஸில் பாடியவர்களும் தோல்வாத்தியம் வாசித்தவர்களும் சீக்கிரம் பொருந்திவிடுகிறார்கள். காலியான அட்சரங்களை எண்ணிக்கொண்டு காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம்.

ஐந்து ஸ்தாயி கொண்ட முழுத் தொகுதியில் 61 மணிகள். எங்கள் குழுவில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் அதைப் பகிர்ந்துகொள்கிறோம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறார் என்று எனக்குத் தோன்றும். மந்தர ஸ்தாயியில் நிற்பவரிடம் கனமான மணிகள் பல இருக்கும். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு மேசையோரமாக நடந்தபடியே வாசிக்க வேண்டும். எங்கள் மந்தரக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். பேசுவது குறைவு. பாட்டில் அவருடைய அடிகளும் குறைவுதான். ஆனால் எல்லோருடைய தாளமும் அவர் அடியில்தான் ஊன்றி நிற்கிறது. அவர் கொஞ்சம் முந்தினால் குழு முழுதும் முந்தும். தோள்வலி வந்தபோது மருத்துவர் சொல்லி, பெரிய மணிகள் சிலவற்றைத் தூக்காமல் மெத்தையில் கிடத்தியே சுத்தியால் தட்டுகிறார். அந்த ஒலி சட்டென்று ஓய்ந்துவிடும். அதற்கென்றே தனி அழகு இருப்பதை அவர் தட்டித்தான் நான் கேட்டேன்.

வலது கோடியில் உச்சஸ்தாயி. அங்கே மணிகள் சிறியவை. ஒரு கையில் இரண்டு பிடிக்கலாம். கைப்பிடிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, இரண்டு நாக்குகளும் வேறு வேறு திசையில் அசையும்படி வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கட்டை முன்னால் வீசினால் ஒன்று பேசும், பக்கவாட்டில் தட்டினால் மற்றது பேசும். எங்கள் குழுவில் இதைச் செய்பவர் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை. நாலு மணியும் அவர் கையில் நாலு விரல் போல வேலை செய்யும். பார்வையாளர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் அவரிடம்தான் போய்ப் பேசுவார்கள், அது நியாயமே.

நடுவில் நிற்கும் எங்களைக் கண் தேடி வராது. ஆனால் குழுவின் கனம் முழுதும் நடு ஸ்தாயியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மெட்டும் இங்கே வழியாகப் போகும், இசைவுகளும் இங்கேதான் நிரம்பும். பாட்டின் நடுவே ஒரு மணியை வைத்துவிட்டு ஷார்ப் மணியை எடுத்து, இரண்டு அட்சரத்தில் மறுபடி மாற்ற வேண்டும். ஜி ஷார்ப் பக்கத்தவருக்கு வசதியாக இருந்தால் அவர் அடிப்பார். அவர் கை நிறைந்திருந்தால் நான். இதெல்லாம் ஒத்திகைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வோம். என் இடப்பக்கம் நிற்பவர் மருத்துவமனைத் தாதி. பணி முடிந்து நேரே வருவார், சீருடை மாற்றக்கூட நேரமிருக்காது. எங்களுக்குள் இசையைத் தவிர வேறு பேச்சு அதிகம் நடந்ததில்லை. ஆனாலும் அவர் எப்போது மூச்சு இழுப்பார் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் என் அடியைத் தொடங்குகிறேன்.

மெட்டு ஒன்று கீழிருந்து மேலே ஏறுகிறது, ஏற ஏற வலுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலினில் ஒரே வில்லின் அழுத்தத்தில் அது நடந்துவிடும். இங்கே அந்த ஏற்றம் நாலு பேர் கைகளைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு முன்னவர் எவ்வளவு கொடுத்தாரோ அதைவிடத் துளி கூட்டி நான் கொடுக்க வேண்டும், என்னைவிடத் துளி கூட்டி அடுத்தவர். யாராவது ஒருவர் தன் சுரத்தை அழகாக அடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் அந்த ஏற்றம் அங்கேயே உடையும்.

இதற்கு உதவும் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர் முன்னால் வயலின் வரிகள் மட்டுமே இருக்கும். கைமணிக் குழுவில் ஒவ்வொருவர் முன்னாலும் முழு இசைத்தாளும் விரிந்திருக்கும். மொத்தப் பாட்டுக்குள் என் இரண்டு சுரங்கள் எங்கே என்று நானே தேடி, இடக்கைக்கு ஒரு நிறம், வலக்கைக்கு ஒரு நிறம் என்று வட்டம் போட்டுக்கொள்வேன். அதனால் நான் சும்மா நிற்கும் பக்கங்களிலும் பிறர் என்ன செய்கிறார்கள் என்று வாசித்துக்கொண்டே நிற்கிறேன். இசையில் கூட்டு வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

இந்த வாத்தியம் கச்சேரிக்காகப் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களில் மணிகளை மெட்டாக அடிப்பதில்லை. வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஏழு மணிகள் இருந்தால் 5040 வரிசைகள். ஒன்றுகூடத் திரும்ப வராமல் அத்தனையும் அடித்து முடிக்கக் கோபுரத்தில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். வரிசைகளை மனப்பாடம் செய்யும்வரை குளிர்ந்த கோபுரத்தில் நின்று ஊரையே எழுப்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா? கையில் பிடிக்கும் சிறு மணிகளை வைத்துக்கொண்டு வீட்டிலோ மதுக்கடையிலோ உட்கார்ந்து பயின்றார்கள். வில்ட்ஷயரில் ஆல்ட்பர்ன் என்ற ஊரில் ராபர்ட் கோர், வில்லியம் கோர் என்ற சகோதரர்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18இன் தொடக்கத்திலும் சுருதி சேர்த்த கைமணிகளை வார்த்தார்கள். கையில் சுருதி சேர்ந்த மணி இருந்தால் மெட்டு அடித்துப் பார்க்க யாருக்குத்தான் தோன்றாது? 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலை ஊர்களில் தொழிலாளர்களின் கைமணிக் குழுக்கள் பெருகின. 1855 முதல் மான்செஸ்டரின் பெல்வியூ பூங்காவில் அவர்களுக்குள் போட்டி நடந்தது. அமெரிக்கக் கேளிக்கை நிகழ்ச்சி வியாபாரி பி.டி. பார்னம் 1840களில் லங்காஷயர் குழு ஒன்றை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து, மலைநாட்டு உடை மாட்டிவிட்டு, ‘சுவிட்சர்லாந்து மணிக்காரர்கள்’ என்று விளம்பரம் செய்தார்.

எங்கள் பாஸ்டன் பக்கத்துக்கு இந்தக் கலை வேறு வழியில் வந்தது. மார்கரெட் ஷர்க்ளிஃப் என்ற பெண்மணி இங்கே பீக்கன் ஹில்லில் வளர்ந்தவர். 1902இல் லண்டன் போயிருந்தபோது, நான் மேலே சொன்ன வரிசைமாற்று மணியடிப்பில் ஈடுபட்டு, ஒரே நாளில் இரண்டு நீண்ட சுற்றுகளை முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். அங்கே மணிகள் வார்க்கும் ஒயிட்சாப்பல் வார்ப்படசாலையின் ஆர்தர் ஹியூஸ் அதைப் பாராட்டி ஒரு தொகுதிக் கைமணிகளைப் பரிசளித்தார். அந்த மணிகளோடு அவர் ஊர் திரும்பினார். 1923இல் பீக்கன் ஹில் மணிக்குழு, 1937இல் நியூ இங்கிலாந்து அளவில் ஒரு சங்கம், 1954இல் நாடு தழுவிய அமைப்பு என்று அது வளர்ந்தது. கடைசியில் சொன்னதுதான் இன்று ‘அமெரிக்கக் கைமணி இசைஞர்கள்’ என்ற பொருளில் பெயர் மாற்றிக்கொண்டு இயங்குகிறது. மவுண்ட் வெர்னன் தெருவில் அவர் வளர்ந்த வீட்டைச் சகோதரி ரோஸ் நிக்கல்ஸ் அருங்காட்சியகமாக விட்டுச் சென்றார். பாஸ்டன் வருகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் மரியாதை வரும். ஒரு பெண் தன் கையில் கிடைத்த பரிசை அலமாரியில் வைக்காமல் அண்டை வீட்டார் கைகளில் கொடுத்ததால்தான், எங்கள் குழுவில் தபால்காரரும் தாதியும் நானும் நிற்கிறோம்.

அதே நகரத்தில் ஓல்ட் நார்த் தேவாலயம் இருக்கிறது. அங்குள்ள எட்டுக் கோபுர மணிகளும் இங்கிலாந்தின் குளஸ்டரில் 1744இல் வார்த்தவை. 1750 வாக்கில், பின்னாளில் அமெரிக்கப் புரட்சியில் பேரெடுத்த பால் ரிவியர் உட்பட ஏழு சிறுவர்கள் அந்த மணிகளை அடிக்க ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் அடிப்பது. தலைவரைத் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. எல்லோரும் ஒப்பினால் மட்டுமே புது ஆளைச் சேர்ப்பது. யாரிடமும் காசு கேட்டுக் கை நீட்டாமல் இருப்பது. எங்கள் குழுவின் விதிகளையும் இந்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நாங்களும் வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். யாருக்கும் சம்பளம் இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு வராமல் இருப்பது இங்கே பெரிய விஷயம். கோரஸில் ஒரு ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) வராவிட்டால் ஒலி கொஞ்சம் மெலியும். கைமணியில் ஒருவர் வராவிட்டால் பாட்டில் இரண்டு சுரங்கள் அறவே இல்லாமல் போகும். பக்கத்தவர்கள் பகிர்ந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கையும் ஏற்கெனவே நிறைந்திருக்கும். என் வலப்பக்கத்தவரின் கணவர் இறந்த வாரத்தில் அவர் வரமாட்டார் என்று மாற்றாள் ஏற்பாடு செய்திருந்தோம். அவர் வந்தார். வீட்டில் யாரும் தனக்காகக் காத்திருக்கவில்லை, இங்கே தன் பி5க்கும் சி6க்கும் எல்லோரும் காத்திருப்பார்கள் என்றார். நாங்கள் ஆறுதல் என்று எதுவும் சொல்லத் தெரியாமல் கையுறைகளை மாட்டிக்கொண்டோம். அன்று வாசித்தது ஒழுங்காகவே இருந்தது.

எங்களுடைய மணிகள் எங்களுக்குச் சொந்தமல்ல. முழுத் தொகுதி வாங்கப் பல்லாயிரம் டாலர் வேண்டும். ஒத்திகைக் கூடம் ஒரு தேவாலயத்துடையது, மணிகளும் அவர்களுடையவை. ஒருகாலத்தில் அவர்களுக்கே கைமணிக் குழு இருந்தது. வழிபாட்டுக்கு வருவோர் குறைந்ததால் குழு கலைந்து, மணிகள் பெட்டிகளுக்குள் உறங்கின. இந்தப் பக்கத்தில் இப்படி உறங்கும் தொகுதிகள் இன்னும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். ஊர்ப்பொதுக் குழுக்கள் அவற்றை எழுப்பிக்கொண்டிருக்கின்றன. எங்களில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. ஒரு யூதர் இருக்கிறார், கும்பகோணத்துக்காரி நான் இருக்கிறேன். மணிகளை எண்ணெய்ப்பசை போகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும்போது யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை.

இந்த ஆண்டு எங்கள் நிகழ்ச்சிக்கு ஏதாவது கொண்டு வா என்று நடத்துநர் கேட்டார். கீர்த்தனை எதையும் மணியில் வைக்க எனக்கு மனமில்லை. மணியின் சுருதியை வளைக்க முடியாது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் தோடி, பைரவி போன்ற ராகங்களைத் தொடவே கூடாது. அப்போதுதான் நோட்டுஸ்வர சாகித்யங்கள் நினைவுக்கு வந்தன. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் கிடையாது, குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பவை. சின்ன வயதில் எனக்கும் அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்து தீட்சிதர் காதில் விழுந்த மெட்டை, பிரிட்டனிலிருந்து வந்த இன்னொரு வாத்தியத்தில் நான் வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது குழு உற்சாகமாகிவிட்டது.

எழுதி முடித்துப் பார்த்தால் வேலைப் பங்கீடு சரியில்லை. ஷார்ப், ஃப்ளாட் மணிகளுக்கு ஒரு அடிகூட இல்லை. மெட்டு பஞ்சமத்தையே சுற்றிச் சுற்றி வருவதால் என் இடத்தில் கூட்டம் நெரிந்தது. ஏ5ஐ வலப்பக்கத்தவரிடம் கொடுத்துவிட்டேன். தாதியின் எஃப்5ஐ மட்டும் அவரிடமே விட்டு, ஈ5ஐக் கீழே மாற்றினேன். ஆரம்பத்தில் தம்புரா மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை. சி5ஐயும் கீழே உள்ள ஜி4ஐயும் மரக்கோலால் விளிம்பைத் தேய்த்துப் பாட வைத்தோம். உலோகத்துக்குள்ளேயே இருக்கும் பஞ்சமம் மெல்ல மேலே வந்தது. கணித ஆசிரியை இது எங்கிருந்து வருகிறது என்று மேலே கூரையைப் பார்த்தார்.

இப்போது வேகத்தில் சண்டை. நடத்துநர் நடனத்துக்குரிய துள்ளல் வேகம் வேண்டும் என்கிறார், அந்த மெட்டுகள் நடனத்துக்கும் அணிநடைக்கும் பிறந்தவை என்பது அவர் வாதம். தபால்காரர் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, தம்புரா ஒலி அடங்குமுன் அவசரப்பட வேண்டாம், நிதானமாகப் போகலாம் என்றார். எனக்குப் பாட்டு வகுப்பில் பழகிய வேகம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அடுத்த வாரம் மூன்று வேகத்திலும் அடித்துப் பார்ப்பதாக முடிவு. ஒத்திகைக்கு வரமுடியாதவர்கள் நாளைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நடத்துநர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்.